ஓசூர் – நெய்வேலி: பெண்ணின் கூண்டுச் சண்டையைப் பார்க்கப் போன கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் நெய்வேலிக்குப் போனது ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்காக. ‘வேண்டாம்’ என்பதுதான் அந்த வார்த்தை. சொன்னேனா இல்லையா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். ஓசூர் பக்கத்திலிருந்து நெய்வேலி போகிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று வழியையும் செலவையும் நடுநடுவே சொல்லிக்கொண்டே போகிறேன்.

என் பெண் இலக்கியா எட்டு வருடமாக மல்யுத்த வீராங்கனை. மாநிலப் போட்டியில் இரண்டு முறை இரண்டாம் இடம். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. நல்ல பயிற்சி கிடைக்கிறது என்று நெய்வேலி டவுன்ஷிப்பில் என் மச்சான் குமரவேலின் குவார்ட்டர்ஸில் போய்த் தங்கினாள். போன இடத்தில் எம்.எம்.ஏ.வுக்கு மாறிவிட்டாள். “அது இன்னா பாப்பா?” என்று போனில் கேட்டேன். “மல்யுத்தம் மாதிரிதான்ப்பா. கூட கொஞ்சம் கை கால் போடலாம்” என்றாள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மளிகைக் கடையில் அரைக் கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தால் கேட்கிற ஆள் நான்.

என் மனைவி அந்த மாதிரிச் சண்டை வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினாலே சுவரைப் பார்ப்பவன். கடைசியில் தாயும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இலக்கியாவின் முதல் போட்டியை அப்பா நேரில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அவள் அதோடு நிறுத்திக்கொண்டு, ஓசூரில் ஒரு பள்ளியில் சொல்லிவைத்திருக்கும் விளையாட்டு டீச்சர் வேலைக்கு வந்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டில் என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. “பாக்கறது ஒப்புக்குத்தான். வேணாம்னு சொல்லிட்டு வா” என்று பையில் துண்டை வைத்து அனுப்பினாள் மனைவி.

ஓசூரில் காலை 5.10க்குத் திருவண்ணாமலை பஸ். சுமார் 150 கிலோமீட்டர், 9.20க்கு இறங்கினேன். இரண்டு இட்லி, ஒரு வடை, டீ எழுபது ரூபாய். அங்கிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி என்று மாறி மாறிப் போக வேண்டும். பண்ருட்டியில் கும்பகோணம் பஸ் பிடித்தால் நெய்வேலி ஆர்ச் கேட்டில் நிறுத்துவார்கள். நான் நடுவில் காடாம்புலியூரில் இறங்கி, ரோட்டோரக் கடையில் பெண்ணுக்காக அரைக் கிலோ முந்திரி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன். முழுப்பருப்பு 430 ரூபாய். உடைசல் விலை குறைவு. ஆனால் சண்டைக்குப் போகிற பிள்ளைக்கு உடைந்ததைக் கொடுக்க மனசு வரவில்லை. பஸ்ஸுக்கு மட்டும் மொத்தம் 335 ரூபாய் ஆனது.

ஆர்ச் கேட்டில் இறங்கும்போது மணி ஒன்றே முக்கால். ஆட்டோ. போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்தின் பேரைச் சொன்னேன். நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய்.

“இன்னிக்குக் கல்யாணம் இல்லீங்களே. கூண்டு கட்டிக்கினு அடிச்சிக்கிறாங்களே, அதுக்கா?” என்றார் டிரைவர்.

“கூண்டா?”

“ஆமாங்க. கம்பி வலை. உள்ள வுட்டுக் கதவச் சாத்திடறாங்க. உங்க பையன் சண்ட போடறாருங்களா?”

“பொண்ணுப்பா.”

அவர் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆட்டோ ரவுண்டானாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. “ரோட்டப் பாருப்பா!” என்று கத்தினேன். அன்று நான் கத்தியதில் யாருக்காவது உபயோகமானது அது ஒன்றுதான்.

மண்டப வாசலில், வழக்கமாகப் பன்னீர் தெளிக்கிற இடத்தில், ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே மேடையில் முந்தின ராத்திரி ரிசப்ஷனின் தெர்மாகோல் இதயம் இன்னும் இருந்தது. அதற்கு முன்னால், டிரைவர் சொன்ன அதே கூண்டு. குமரவேல் முதல் ஷிப்ட் முடித்து மைன்ஸ் யூனிபாரத்தோடு நேராக அங்கேயே வந்து சேர்ந்தான்.

“இன்னா மாமா, மூஞ்சி வெளுத்துப் பூடுச்சு? நீயா உள்ள எறங்கப் போற?”

முதலில் இரண்டு பையன்கள். மணி அடித்த அரை நிமிடத்தில் ஒருவன் மூக்கிலிருந்து ரத்தம். சண்டை முடிந்ததும் ஒருவர் மாப் கொண்டுவந்து, சாம்பார் கொட்டினால் துடைப்பதுபோல் துடைத்துவிட்டுப் போனார். நான் எழுந்தேன். குமரவேல் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். இலக்கியாவின் முறை வருவதற்கு முன்னால் அவளைப் போய்ப் பார்த்தேன். தலைமுடியை எறும்பு வரிசை மாதிரி பின்னியிருந்தாள். முந்திரியை நீட்டினேன். “இப்ப வேணாம்ப்பா. சண்ட முடியட்டும். அதுவரிக்கும் நீயே வெச்சிக்கோ” என்றாள். அந்தப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

இலக்கியாவோடு மோதியது சென்னைப் பெண். எடுத்தவுடன் கன்னத்தில் ஒரு குத்து விட்டாள். அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. என் பெண்ணை யாரோ முகத்தில் அடிக்கிறார்கள், நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இலக்கியா குனிந்தாள், இடுப்பைப் பிடித்தாள், தூக்கிப் போட்டாள். அது எனக்குத் தெரிந்த மல்யுத்தம். கைதட்டினேன். இரண்டாவது ரவுண்டிலும் அவள் கைதான் மேலே இருந்தது. பாதி ரவுண்டில் இருவரும் புரண்டதில் இலக்கியா மல்லாக்க விழுந்தாள். காலால் அந்தப் பெண்ணை வளைத்திருந்தாள், ஆனால் முதுகு முழுக்கத் தரையில்.

மல்யுத்தத்தில் இரண்டு தோளும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. எட்டு வருடமாக ஒவ்வொரு போட்டியிலும் நான் தொண்டை கிழியக் கத்துவது ஒன்றே ஒன்றுதான். அதையே கத்தினேன்.

“முதுகு! பாப்பா, முதுகு! கவுந்துக்கோ!”

வீட்டில் என் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை. டிவி சத்தத்தைக் குறை என்றால் கூட்டுவார்கள். அன்று இலக்கியா கேட்டாள். நான் சொன்ன அதே நொடியில் சட்டென்று கவிழ்ந்தாள். அந்தப் பெண் அவள் முதுகில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினாள். என் பெண்ணின் முகம் எங்கள் பக்கம் இருந்தது. அது சிவந்து, பிறகு வேறு ஒரு நிறமானது. ‘தோற்றேன், விடு’ என்பதுபோல் அவள் கை அந்தப் பெண்ணின் கையைப் படபடவென்று தட்டியது. நடுவர் பாய்ந்து பிரித்துவிட்டார். முடிந்தது.

“ஏன் மாமா,” என்றான் குமரவேல் மெதுவாக, “நீ அந்தச் சென்னப் பொண்ணுக்குக் கோச்சா?”

“முதுகு பட்டுடுச்சேடா!”

“இங்க முதுகு தரையில பட்டா ஒண்ணும் இல்ல மாமா. மல்லாக்கப் படுத்துக்கினு காலால அவளப் பூட்டி வெச்சிருந்தா பாரு, அதத்தான் மாசக்கணக்கா பழகுனா. முதுக அவகிட்ட காட்டுனாத்தான் கழுத்து போச்சு.”

கூண்டு, ரத்தம், மாப், எல்லாம் பார்த்து அதிர்ந்தது ஒரு பக்கம். என் குரலுக்கு அவள் அப்படித் திரும்பினாளே, அதில்தான் நான் ஆடிப்போனேன்.

மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாய்கள் இருக்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். ஒரு கண் வீங்கியிருந்தது. அதில் ஐஸ் வைத்திருந்தாள்.

“நீதானே கத்துன?”

“நாந்தான்.”

“தெரியும். எட்டு வருஷமா அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பறேன். திரும்ப வேணாம்னு நெனைக்கறதுக்குள்ள ஒடம்பு திரும்பிடுச்சுப்பா.” கண்ணிலிருந்து ஐஸை எடுத்தாள். “சரி, சொல்லு. அம்மா சொல்லி அனுப்பியிருக்கும் இல்ல? வேணாமா?”

அந்தக் கண்ணைப் பார்த்தால் எந்தத் தகப்பனுக்கும் அந்த வார்த்தை சுலபமாக வரும். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவள் சண்டையை. அதை நான்தான் முடிய விடவில்லையே.

“இன்னிக்குத் தோத்தது நான், பாப்பா. உன் சண்டைய நான் இன்னும் பாக்கல. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

சிரித்தாள். கன்னம் வலித்து, “யப்பா” என்று பாதியில் நிறுத்தினாள். “அப்போ அடுத்த தடவையும் வா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது.”

“தொறக்கல.”

“உன்னால முடியாதுப்பா,” என்றவள், என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, வாய் கொள்கிற மட்டும் முந்திரியை அள்ளிப் போட்டுக்கொண்டு மென்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவளாலும் பேச முடியவில்லை. எனக்கு யோசனை வந்தது அப்போதுதான்.

ராத்திரி மனைவி போன் செய்தாள். “சொல்லிட்டியா?” “பஸ் சத்தம், கேக்கல” என்றேன். குமரவேல் குவார்ட்டர்ஸில் கட்டிலில் படுத்திருந்தேன்.

இது மாதிரிப் போட்டிக்குப் போகிற பெற்றோருக்குச் சில வார்த்தை. ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். சொந்தக்காரர் இல்லாவிட்டால் ரூம் எடுத்துத் தங்குங்கள். முன்வரிசையில் உட்காராதீர்கள். ஆம்புலன்ஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது நிற்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். எந்தப் போட்டி என்று விதிமுறையை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காடாம்புலியூரில் இறங்கி அரைக் கிலோ முந்திரி வாங்குங்கள். பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு. மணி அடித்ததும் வாய் நிறையப் போட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது நான் இன்னொரு அரைக் கிலோ வாங்கி வந்தேன். நேற்று பாயசத்துக்கு வேண்டும் என்று மனைவி கேட்டாள். தர மாட்டேன் என்றேன். அவள் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.