இரண்டு இருப்பு

அலுவலகத்தில் அவருக்கு சிஐடி என்று பெயர். தேநீரில் சர்க்கரை கூடினால்கூட யார் போட்டது, எதற்குப் போட்டார்கள் என்று துருவுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மருந்துக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் அது. முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடக் கூடாதென்று நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்.

கொஞ்ச நாளாக அவர் கண் மச்சான் மேல். மனைவியின் தம்பி, பக்கத்து மேசைக்காரன். சிஐடி எழுதிய நிரலில், கிடங்கில் நிறைய இருக்கிற மருந்துக்குச் சில சமயம் சைபர் என்று வந்தது. நம் கை தப்பு செய்யாது, எவனோ புகுந்து குழப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டி, காலையில் மேலாளரிடம் மச்சானைப் போட்டுக் கொடுத்துவிட்டார். "அவர்தான்னா இன்னையோட வேலையை விட்டு அனுப்பிடுறேன்" என்றார் மேலாளர்.

சொல்லிவிட்டு வந்ததிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதுவும் தெரியாத மச்சான் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, இன்னும் ஒவ்வொரு எழுத்தா தட்டிக்கிட்டு இருக்கீங்க? நிரல் அடிக்கிற எடிட்டர்ல ஒரு ஆட்-ஆன் போடுங்க. ரெண்டெழுத்து அடிச்சா மிச்சத்தை அதுவே எடுத்துக் குடுக்கும்."

"எடுத்து யாருக்குக் குடுக்கும்னு பாக்கணும்ல?"

விரல் வலி தாங்காமல் தேடத்தான் செய்தார். ஒன்று இணையம் கேட்டது, ஆகாது. இன்னொன்று மின்னஞ்சல் முகவரி கேட்டது, அதற்கு எதற்கு? மூன்றாவதை ஆளாளுக்கு அதே வார்த்தைகளில் புகழ்ந்திருந்தார்கள். கூலிக்கு எழுதிய கூட்டம். கடைசியில், திறந்திருக்கும் கோப்பில் உள்ள சொற்களை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும், நாதியற்ற ஒன்றை இறக்கி, இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு நிறுவினார்.

'இரு' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தார். சொற்களை நீட்டும் பெட்டி விரிந்தது. மருந்தின் எண்ணிக்கைக்கு நிரலில் வைத்த பெயர் 'இருப்பு'. பெட்டியில் அது இரண்டு இருந்தது. ஒன்றில் இரண்டு பி, மற்றதில் ஒரே பி.

தூக்கிவாரிப் போட்டது. அவர் நிரல் எழுதும் கணினி மொழியில், முன்பு வைக்காத ஒரு பெயரைத் தவறி அடித்தாலும் கணினி சண்டைக்கு வராது. புதுசு போலிருக்கிறது என்று அதற்குச் சைபரை வைத்துவிடும்.

"மாட்டினியாடா! ஒரு பி-யை விழுங்கினது நீதானே?"

மச்சான் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"நானா? நான் ஸ்டாக்னுதான மாமா எழுதுவேன். இந்த ஆபீஸ்ல இருப்புன்னு எழுதுற ஒரே ஆள் நீங்கதான்."

உண்மைதான். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்தால் எவனும் திருட முடியாது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த பி-யை விழுங்கியது அவர் விரலேதான்.

மேலாளர் கதவைத் திறந்து, மச்சானைப் பார்த்து, "கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

"எதுக்கா இருக்கும் மாமா?" என்று எழுந்தான் அவன்.

சிஐடி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"நீ உக்காரு. என்னைத்தான் கூப்பிடுறாரு."