நல்ல நிறம்

அக்கா வெளுத்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் கொண்டாடினார்கள்.

தாத்தாக்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த எங்கள் தீவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்திய கதை. பாம்பூ கிராமத்தில் கரும்புத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. அம்மா இல்லை. அப்பாவின் அக்காதான், எங்கள் அத்தை, வீட்டை நடத்தினாள். தங்கச்சி நான் மட்டும் வக்குவா ஊரில் சித்தப்பா வீட்டில் தங்கி, பக்கத்து ஊரான கியூர்பிப்பில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் படிப்பு இல்லை. வெறுங்காலோடு கரும்புக்காட்டில் களை பிடுங்கினாள். கொஞ்சம் பின்தங்கினாலும் சர்தார், அதாவது தோட்டத்துக் கங்காணி, சோம்பேறி என்று கத்துவான்.

மாப்பிள்ளை தேடத் தொடங்கியதும் அத்தை ஒரு சட்டம் போட்டாள். அக்கா கறுப்புப் பருப்பைத் தொடக்கூடாது. அந்தத் தீவில் ஏழைகள் சோற்றில் ஊற்றிக்கொள்ள இருந்ததே அந்தப் பருப்புக் குழம்புதான். அதைத் தின்றால் உடம்பும் கறுக்குமாம். முருங்கைக்கீரையும் கூடாதாம், அதுவும் கரும்பச்சையாம். மிச்சம் என்ன? தீட்டித் தீட்டி ஒன்றுமில்லாமல் போன வெள்ளை அரிசிச் சோறு, ரசம், ஊறுகாய். அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். வெள்ளைக்காரத் துரையிடம் கைகட்டி நின்றே பழகியவருக்கு வெள்ளை என்றாலே உசத்திதான்.

ஒரு நாள் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ரத்தத்தின் மூலக்கூறு ஒன்றை வரைந்தாள். பெரிய புரதம், சிக்கிப்போன நூல்கண்டு போல. அதற்குள் நாலே நாலு இரும்பு அணு. நாம் இழுக்கிற மூச்சை உடம்பெங்கும் சுமந்து போவது அதுதான், ரத்தத்தின் சிவப்பும் அதுதான் என்றாள். சாப்பாட்டில் இரும்பும் புரதமும் இல்லையென்றால், வெறுங்கால் வழியாக ஏறிய புழு குடலில் ரத்தம் குடித்தால், அந்த மூலக்கூறு குறைந்துபோகும். ஆள் வெளுக்கும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். பச்சரிசி தின்னத் தோன்றும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அக்கா மடியில் எந்நேரமும் ஒரு பிடி பச்சரிசி இருக்கும்.

விடுமுறைக்குப் போனபோது அன்றைக்கே பெண் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். சாமிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் தமிழ் வெளியே வரும். "ஆலா லி இன் வின் க்ளேர்!" என்று வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள் அத்தை. பார், எப்படி வெளுத்துவிட்டாள்! உள்ளே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு சாம்பல் பூத்திருந்தது. தீவு முழுக்க இரும்பு. ரயில் தண்டவாளம், ஆலை உருளை, கரும்பு வெட்டும் கத்தி. இவள் ரத்தத்துக்கு மட்டும் பஞ்சம்.

சாயங்காலம் வந்த மாப்பிள்ளையின் அம்மா, பாயில் உட்கார்த்தியிருந்த அக்காவின் மோவாயைத் தூக்கிப் பார்த்து, தமிழில், "நல்ல நிறம்" என்றாள். அத்தைக்குப் பூரிப்பு. தேநீர்த் தட்டோடு நின்ற எனக்குத் தலைக்கேறிவிட்டது. தட்டைக் கீழே வைத்தேன். அக்காவின் கீழ் இமையை இழுத்துக் காட்டினேன்.

"இது நிறம் இல்லைங்க. உள்ள பாருங்க, ரத்தமே இல்ல. இப்படியே புள்ளத்தாச்சி ஆனா செத்துப்போவா. டாக்டர்கிட்ட போகணும், மருந்து சாப்பிடணும்."

அத்தை என் தோளில் நகம் பதியக் கிள்ளினாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். அக்கா பிழைப்பாளா என்று கேட்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"மருந்து சாப்பிட்டா நிறம் போயிடுமா?" என்றாள்.

"போகாது, போகவே போகாது" என்று அத்தை பதறினாள்.

"போகும்" என்றாள் அக்கா. மெல்ல எழுந்து, மூச்சு வாங்க வாங்க அடுப்படிக்குப் போனாள். எங்களுக்காக வைத்திருந்த கறுப்புப் பருப்புச் சட்டியைத் தூக்கி வந்து, வந்தவர்களுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, சோறு போடு" என்றாள். "பசிக்குது."