அனுமதி கேட்டவன் நான்

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மயிலாப்பூர் வீட்டில் என் மேசை முழுக்கப் பழைய பத்திரிகைகளின் நகல்கள். ஊர்வலம் போகக் காவல்துறை அனுமதி வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் சட்டம் போட்டபோது இந்த ஊர்க்காரர்கள் பத்திரிகைக்கு என்ன எழுதினார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். கொதித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கையில் கிடைத்ததெல்லாம், தெருவில் கூச்சல் அடங்கியதற்கு நன்றி சொன்ன கடிதங்கள்.

அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஐந்து நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு அடையாற்றங்கரையில் வீடு. அந்தக் குடியிருப்பையே ஊருக்கு வெளியே மாற்றப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அவர் மகளுக்கோ பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தேர்வு முடியும்வரையாவது விடுங்கள் என்று கேட்க, இருபது பெண்கள் அறிவிப்பு ஒட்டிய அலுவலகத்துக்கு நடந்தே போவதாக இருந்தார்கள்.

"பர்மிஷன் இல்லாம போனா புடிச்சிடுவாங்கக்கா. நான் எழுதித் தரேன்" என்றேன்.

"இன்னாமோ செய் நைனா. பொண்ணு பரிட்சை எழுதணும், அவ்ளோதான்."

பிரிவு எண் போட்டு, இருபது பேரின் பெயரும் கதவெண்ணும் வரிசையாக எழுதி, மேலே 'பேரணி' என்று தலைப்பும் வைத்தேன். காவல் நிலையத்தில் ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"யாருப்பா உன்ன இதெல்லாம் எழுதச் சொன்னது? இருபது பொம்பளைங்க ஓரமா நடந்து போனா நான் ஏன் கேக்கப்போறேன்? பேரணின்னு எழுதிக் குடுத்துட்ட. இப்ப நான் பதில் எழுதியாகணும். இல்லைன்னுதான் எழுதணும்."

மறுநாளே மறுப்பு வந்தது. சாயங்காலம் இரண்டு காவலர்கள் என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பாவிடம் பொருமினேன். "சரியாத்தான் பண்ணிருக்கா" என்றார். "ஆளாளுக்கு ரோட்டை அடைச்சுண்டு நின்னா ஆபீஸ் போறவா என்னடா பண்ணுவா?" வாரம் முழுக்க நான் படித்த கடிதம்தான் அது. மைதான் புதுசு.

காலையில் இஸ்திரி வண்டிக்கு ஓடினேன். மடித்த சட்டைகளுக்கு அடியிலிருந்து அக்கா மனுவின் நகலை எடுத்தார்.

"எல்லார் பேரும் கீது. உன் பேரு எங்க?"

என் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பதினஞ்சு பேரு பயந்துட்டாங்க. மிச்சம் அஞ்சு பேரு பஸ்ல போறோம். பஸ்ல போனா பேரணியா, வக்கீலு?"

"இல்லக்கா."

"அப்ப நீயும் ஏறு."

அலுவலகத்தில் கொடுத்த புது மனுவில், ஐந்து கையெழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதினேன். கதவெண்ணையும். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். தேர்வுவரை விடுவார்களா என்று கேட்டதற்கு, மேலே அனுப்புகிறோம் என்றார்கள். அவ்வளவுதான்.

திரும்பும்போது பேருந்தில் பாதி இருக்கை காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குந்து நைனா" என்றார் அக்கா. "இன்னும் எத்தினி வாட்டி வரணுமோ."