பாமா அக்காவைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல

நடந்தவை அனைத்தையும் உண்மையாக எழுதப் போகிறேன். எங்கள் வீட்டாருக்கு வருத்தம் தரும் இடங்களையும் விடமாட்டேன். பாமா அக்கா நம் பள்ளியில் படித்தவள். என் பெரியப்பா மகள். ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தமிழ் ஆசிரியை கேட்டார்கள். ஒரு பக்கத்தில் இது அடங்காது.

செய்தி வந்தபோது நான் இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று என் பெயரைச் சொன்னார். "உடனே வீட்டுக்குப் போகணுமாம். உங்கப்பா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாவ" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. பதிவேட்டில் மூன்றாவது அளவீடு எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

பெரியப்பாவின் ஊரான நாகலாபுரத்தில் அடக்கம் நடந்தது. பெரியப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேசியதைக் கேட்டேன். "மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு ரத்தத்துல அணுவெல்லாம் செத்துப்போச்சாம்" என்றாள் ஒருத்தி. "எம்புட்டுப் படிச்சி என்ன? படிச்ச படிப்பே பிள்ளையக் கொன்னுட்டு" என்றாள் இன்னொருத்தி. பக்கத்தில் நின்ற என் அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

மறுவாரம் நம் பள்ளியின் இரங்கல் கூட்டத்திலும் அதுதான். மேடையில் பேசியவர், "ஆபத்தான துறையில் பணியாற்றி உயிர்நீத்தவர்" என்றார். நீங்கள் எல்லோரும் தலைகுனிந்து கேட்டீர்கள். என் பக்கத்தில் இருந்த முத்துச்செல்வி, "எங்கம்மா பிசிக்ஸே வேண்டாங்காவட்டி" என்று காதில் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது.

அக்கா பார்த்த வேலை என்னவென்று சொல்கிறேன். மதுரையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் அவள் மருத்துவ இயற்பியலாளர். நோயாளியின் கட்டிக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் போக வேண்டும், பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்பை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று கணக்கிட்டுத் திட்டம் போடுவாள். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன், குறித்த அளவைத்தான் கருவி தருகிறதா என்று அளந்து பார்ப்பாள். மருத்துவர் நோயைப் பார்ப்பார்; அளவுக்குப் பொறுப்பு இவள்.

அந்த இடத்துக்கு அவள் சும்மா போகவில்லை. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தபோது பி.எட். படித்து ஆசிரியை ஆகிவிடு என்று சொல்லாத உறவினர் இல்லை. "எனக்குப் பிள்ளைகளக் கண்டா பொறுமை கெடையாது, பாவம் அதுக" என்றாள். கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதித் தோற்றாள். மறுபடி எழுதினாள். ஒரு வருடம் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி, அதன் பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கான தேர்வு. இந்தப் பாதை இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளே தேடிக் கண்டுபிடித்தாள். நமக்கும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இயற்பியல் படித்தால் டீச்சர் வேலை, இல்லாவிட்டால் வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு கல்யாண வீட்டில் எங்கள் மாமா ஒருவர் பந்தியில் அக்காவிடம் கேட்டார்.

"என்னத்தா, எக்ஸ்ரே எடுக்கியாமே?"

"இல்ல மாமா. நான் கணக்குப் போடுதேன்."

"அடடே, கணக்குப்பிள்ளையா!"

"ஆமா மாமா. கணக்குத் தப்புனா ஆளு போயிருவாரு. உங்களுக்கு எப்பப் போடணும்?"

மாமா அதற்குப் பிறகு பாயசம் கேட்கவில்லை.

கடைசியாக இரண்டு வார விடுப்பில் கோவில்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்காகத்தான் வந்தாள். ஐந்தாண்டு எம்.எஸ்சி. இயற்பியல் நுழைவுத் தேர்வுக்கு நான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மாட்டுத் தீவனக் கடை.

"பி.காம். படிக்கட்டும். கடையப் பாத்துக்கிடலாம்லா" என்றார் அப்பா.

"கடைய அவ பாத்தா நீங்க என்ன செய்வீய சித்தப்பா?"

"நான் மதுரைக்கு வந்து உனக்குச் சோறு பொங்கிப் போடுதேன்."

"உப்பு அளந்து போடணும். அதுக்கும் பிசிக்ஸ் படிச்ச ஆளு வேணும்."

அப்பா சிரித்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அந்த நாட்களில் நான் அவளிடம் கேட்டேன், "கதிர் பக்கத்துல வேலை பாக்கப் பயமா இருக்காதாக்கா?"

"சட்டையில ஒரு பேட்ஜ் மாட்டியிருப்போம். எம்புட்டுக் கதிர் பட்டிருக்குன்னு மூணு மாசத்துக்கு ஒருக்க பாத்துச் சொல்லுவாவ. எனக்கு வந்ததெல்லாம் ஒண்ணுமில்லங்கிற மாதிரிதான்."

"இப்ப எங்க அது?"

"அங்கனதான் கெடக்கும். உங்க வீட்டுக்கு எதுக்கு? இங்கன கதிரா இருக்கு, கொசுல்லா இருக்கு!"

எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா வீட்டிலும் பின்பக்கம் டிரம்கள் நிற்கும். எங்கள் டிரம்முக்கு மூடி இல்லை. தவிட்டு மூட்டையில் ஈரம் ஏறாமலிருக்க அப்பா அந்த மூடியைக் கடையில் மூட்டைக்கு அடியில் போட்டிருந்தார். "புழு நெளியுதுட்டி, ஒரு துணியாவது கட்டு" என்று அக்கா என்னிடம் சொன்னாள். கட்டுகிறேன் என்றேன். மாதிரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். திங்கட்கிழமை, "ரத்தம் டெஸ்ட் பண்ணிருவோம் சித்தப்பா" என்றாள். "சளிக்காய்ச்சல்தாம்த்தா. நாளைக்கு லோடு வருது, எறக்கிட்டுப் போவோம்" என்றார். செவ்வாய்க்கிழமை லோடு இறங்கியது. அக்காவுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. புதன்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது என்று அம்மா ரசம் வைத்தாள். டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று மாலை ரத்தமாக வாந்தி எடுத்தாள்; திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம்.

மருத்துவமனைத் தாளில் டெங்கு என்றுதான் எழுதியிருக்கிறது. நான் இரண்டு முறை படித்தேன். ரத்தத்தில் குறைந்துபோனவை தட்டணுக்கள். கதிர்வீச்சு என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. எந்தக் கொசு, எந்த டிரம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை நான் சொல்லவில்லை. ஆனால் ஊர் தயங்காமல் ஒரு பொய்யைச் சொல்கிறது. ஏனென்றால் அந்தப் பொய்யில் யாருக்கும் பொறுப்பில்லை. டிரம்முக்கு இல்லை, தண்ணீர் விடாதவர்களுக்கு இல்லை, காத்திருந்த எங்களுக்கும் இல்லை. படித்த பெண் மேல் பழி போட்டுவிட்டால் மற்றப் பெண்களையும் வீட்டில் நிறுத்திக்கொள்ளலாம். "ஒரு பிள்ளையக் குடுத்தது போதும்" என்று சொல்லி அப்பா என் விண்ணப்பத்தைக் கடை மேசையின் இழுப்பறைக்குள் போட்டார்.

திருநெல்வேலியில் அவளைச் சேர்த்தபோது நானும் உடன் இருந்தேன். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார். "நேத்துத்தான் சார்" என்றார் அப்பா. படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்த அக்கா, "நாலு நாள்" என்றாள். மருத்துவர் குனிந்தார். மறுபடியும், "நாலு நாள் சார்" என்றாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி; பிறகு என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தப்பாவைக் காட்டிக்கொடுக்க அவள் அதைச் சொல்லவில்லை. சிகிச்சை தருபவரிடம் தவறான எண் போகக் கூடாது, அவ்வளவுதான். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு சொற்களைத்தான்.

இதுவரை உள்ளதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதினேன். இன்று ஞாயிறு, மதியத்தோடு கடையைச் சாத்திவிடுவோம். அப்பா நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"நாலு நாளுங்கத மட்டும் எடுத்துருட்டி" என்றார்.

"மாட்டேன்ப்பா."

"எல்லாரும் என்னை என்ன நெனப்பாவ?"

"நான் டிரம்மக் கட்டலன்னும் எழுதியிருக்கேன்லா."

அவர் தாள்களை மேசைமேல் வைத்தார். நான் இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். புதன்கிழமை கடைசி நாள். பேனாவையும் வைத்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. விண்ணப்பத்தை மடிக்காமல் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார், அது கொள்ளவில்லை. மறுபடி இழுப்பறைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு சுவர்ப்பக்கம் போய்க் கடையின் விளக்குகளை அணைத்தார்.