பதில் சொல்லுகிற பக்கம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்து உலர்ந்து மலைபோலக் குவியும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, இழுத்துச் சுருக்கம் எடுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். முனைகள் சேரும்போது துணி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்.

பல வருஷம் எதிர்ப்பக்கம் நின்றவர் அவள் புருஷன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அவளும் கேட்கவில்லை. சுவரில் இரண்டு கொக்கி அடிக்கச் சொன்னாள். இரண்டு முனைகளைக் கொக்கியில் மாட்டி, மற்ற இரண்டையும் தான் பிடித்து, தானே இழுத்து, தானே நடந்துபோய், தானே வாங்கிக்கொள்வாள். வீட்டிலும் கதவோரம் அதே மாதிரி இரண்டு கொக்கி.

இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் எடுத்த விரிப்பைப் பாதியில் வைக்கமாட்டாள். சாப்பாட்டு மணி அடித்தாலும் சரி, மேலாளரே வந்து நின்றாலும் சரி, முழுதாக மடித்து அடுக்கில் வைத்த பிறகுதான் தலை நிமிரும்.

ஒரே மகன். வெளிநாட்டில் வேலை, அங்கேயே கல்யாணம். மருமகளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இவளுக்கு ஆங்கிலத்தில் 'தேங்க்யூ'வைத் தாண்டி எதுவும் தெரியாது. போனில் முகம் பார்த்துப் பேசும்போது மாமியாரும் மருமகளும் கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மருமகள் நீளமாக ஏதோ சொல்வாள்.

"என்னடா சொல்றா?"

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாம்மா."

"இவ்வளவு நேரம் பேசினாளே, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

மகன் வெட்டிச் சுருக்கித்தான் தருகிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் நிஜமாக என்னதான் சொல்கிறாள் என்ற யோசனை, போனை வைத்த பிறகும் வெகுநேரம் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் மகன் சொன்னான். விடுமுறைக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். நடுவில் ஒரு நாள் அவனுக்குப் பக்கத்து ஊரில் வேலை இருக்கிறது. காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவான். அந்த ஒரு பகல் மருமகள் அவளோடு இருப்பாள். நடுவில் சுருக்கித் தர ஆள் இல்லாத ஒரு பகல்! மடிப்பக்காவுக்குச் சந்தோஷமும் கிலியும் சேர்ந்தே வந்தன. அந்தப் பெண்ணோடு ஒரு பேச்சாவது சொந்த வாயால் பேசிவிட வேண்டும். இந்தத் தடவை விட்டால் அடுத்து எந்த வருஷமோ.

பழைய புத்தகக் கடையில் ஆரம்ப ஆங்கிலப் பாடப் புத்தகம் ஒன்று வாங்கினாள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலும் போட்டிருந்தார்கள். திஸ் இஸ் எ டோர். தட் இஸ் எ விண்டோ. வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அருகில் இருந்தால் திஸ், தள்ளி இருந்தால் தட். ஒன்றுக்கு இஸ், பலவற்றுக்கு ஆர். அதெல்லாம் அடுக்குப் பிரிப்பது போலத்தான், சட்டென்று பிடிபட்டது. அலமாரியில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மட்டும் இருந்ததால், 'ஆர்' பழகுவதற்குப் பரணிலிருந்து மற்றத் தட்டுகளை இறக்க வேண்டியிருந்தது.

பிறகு உரையாடல் பாடம் வந்தது. இடப்பக்கம் தொப்பி வைத்த ஆள் கேட்பான். வலப்பக்கம் கைப்பை மாட்டிய பெண் பதில் சொல்வாள். மடிப்பக்கா ஜன்னலருகே நின்று தொப்பிக்காரனாகக் கேட்டாள். கதவருகே நடந்துபோய்க் கைப்பைக்காரியாகப் பதில் சொன்னாள். குரலைக்கூட மாற்றிக்கொண்டாள். போகப்போக நடை நின்றுவிட்டது. கேள்வி வாயை விட்டுப் போகும்போதே பதிலும் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

சலவைக்கூடத்திலும் வாய் சும்மா இல்லை. இஸ்திரிக்காரன் ஒரு நாள் பெட்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"என்னக்கா, யாரோட பேசிட்டு இருக்கே? கொக்கியோடயா?"

"மருமகளோட."

"எங்க இருக்கா? எனக்குத் தெரியலையே!"

"வரப்போறாடா. அதுக்குத்தான் பழகறேன்."

"வந்தா அவளைக் கொஞ்சம் பேச விடுக்கா. நீ போற வேகத்துல அந்தப் பொண்ணு வாயே தெறக்க முடியாது."

"போடா, உன் வேலையைப் பாரு. சட்டை கருகுது."

சட்டை கருகவில்லை. அவன் பதறிப்போய்க் குனிந்து பார்த்ததில் அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு.

வந்தார்கள். மருமகள் போனில் தெரிந்ததைவிட உயரம். கொஞ்சம் களைப்பு. மகன் கூட இருந்த நாட்களில் பழையபடி அவனே சுருக்கித் தந்தான். அவள் புத்தகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான்.

"அம்மா, சமாளிச்சுடுவியா?"

"உன்னையே சமாளிச்சு வளர்த்தேன். போயிட்டு வா."

கதவு சாத்தியதும் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து புன்னகை செய்தாள். மடிப்பக்கா ஜன்னலருகே போய் நின்றாள். ஆரம்பித்தாள்.

"ஹவ் ஆர் யூ? ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ."

மருமகளின் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள்,

"வேர் டு யூ லிவ்? ஐ லிவ் நியர் த ஸ்டேஷன்."

மடிப்பக்கா வீட்டிலிருந்து ரயில் நிலையம் வெகு தூரம். மருமகள் மறுபடி வாயெடுத்தாள்.

"டு யூ லைக் ஃப்ளவர்ஸ்? எஸ், ஐ லைக் ரெட் ஃப்ளவர்ஸ்."

தப்பு நடக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் பாதியில் வைக்கத் தெரியாத கை போலவே நாக்கும் நிற்கத் தெரியாமல் ஓடியது. பாடம் முழுவதும் ஓடி, கடைசி வரியும் வந்துவிட்டது.

"இட் இஸ் லேட். குட்பை. குட்பை."

மருமகள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஒரு கணம் விழித்தாள். பிறகு தலையசைத்து எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். போகச் சொன்னதாகத்தானே அவள் நினைத்திருப்பாள்?

மடிப்பக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் பழகியதும் தன்னோடு தானே பேசத்தானா? இஸ்திரிக்காரன் சிரிக்காமல் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்குமோ என்னவோ. உள்ளறைக் கதவைத் தட்டிக் கூப்பிட வார்த்தை இல்லை. 'குட்பை'க்குப் பிறகு அந்தப் பாடத்தில் எதுவும் கிடையாது.

எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? கொடியில் காய்ந்த விரிப்பைக் கொண்டுவந்தாள். கதவோரக் கொக்கிகளில் இரண்டு முனைகளை மாட்டினாள். ஒரு உதறு உதறினாள். அந்தச் சத்தத்துக்கு உள்ளறைக் கதவு திறந்தது.

மருமகள் பார்த்தாள். கொக்கி, விரிப்பு, அதன் மறுகோடியில் மாமியார். நேராக வந்து கொக்கியிலிருந்த முனைகளைக் கழற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

இழுத்தபோது துணி எதிரே இழுபட்டது. கொக்கி இழுக்காது, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும். இந்த இழுப்பு கைக்கு மறந்தே போயிருந்தது.

"ஹவ் ஆர் யூ?" என்றாள் மடிப்பக்கா. பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

மருமகள் பேசினாள். மெதுவாக, நீளமாக. நடுவில் குரல் கொஞ்சம் இறங்கியது. பார்வை ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. அவ்வளவிலும் மடிப்பக்காவுக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள். மதர். ஃபார். அம்மா. தூரம்.

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தொப்பிக்காரனும் கைப்பைக்காரியும் சொல்லித் தரவில்லை.

"எஸ்," என்றாள்.

இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். மருமகளின் விரல்கள் சில்லிட்டிருந்தன. துணி கைமாறியது.

சாயங்காலம் மகன் திரும்பினான்.

"என்னம்மா, ரெண்டு பேரும் பேசினீங்களா?"

"பேசினோம்."

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்காளாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

விடுமுறை முடிந்து அவர்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் பழக்கதோஷத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். "ஹவ் ஆர் யூ?" என்றாள். கால் கதவுப் பக்கம் ஒரு எட்டு வைத்தது, அங்கேயே நின்றது. அந்தப் பதில் இனி மருமகள் சொல்ல வேண்டியது, அவள் சொல்லக் கூடியதாக இல்லை. கேள்வியை அப்படியே விட்டாள். இத்தனை நாள் இரண்டு குரலில் அவளே நிரப்பி வைத்திருந்த வீடு, முதல் தடவையாக ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது.

அடுத்த போன் எப்போது வரும் என்று தெரியாது. ஜன்னலருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.