ரேடியோ மேல் தீப்பெட்டி

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் இன்னாசி, பெண்டாட்டி அடைக்கலமேரியைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தபோது அழவில்லை. ராயபுரத்துச் சனம் சும்மா இருக்குமா? கல்நெஞ்சக்காரன் என்றது. அவனுக்கே அது ஆச்சரியம்தான். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

துக்க வீட்டு வழக்கப்படி, கூடத்து வால்வு ரேடியோவை வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். வருஷப் பூசை முடியும்வரை பாட்டுச் சத்தம் கூடாது. அடுப்பையும் யாரும் மூட்டவில்லை. காலையில் டீக்கடை, மற்ற வேளைக்குச் சாப்பாட்டுக்கடை என்று அவன் காலத்தைத் தள்ளினான்.

பூசை முடிந்த அன்று சாயங்காலம் அவள் தம்பி வால்டர் வந்தான். தண்டையார்பேட்டையில் ரேடியோ கடையில் வேலை பார்க்கிறவன். கையில் பளபளவென்று ஒரு டிரான்சிஸ்டர்.

“இன்னும் எத்தினி நாளிக்கு மாமா இந்தப் பழைய பொட்டியக் கட்டிக்கினு அழுவப்போற? சுவிட்சப் போட்டா, அது சூடாயி பாடுறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடுது. இத்த ரெண்டு நாள் வெச்சுப் பாரு. புட்சிருந்தா பழச எங்க கடையில குட்த்து மாத்திக்கலாம்.”

அழாத மனுஷனிடம் என்ன சொல்கிறோம் என்று வால்டர் யோசிக்கவில்லை. இன்னாசியும் கோபப்படவில்லை. “சரி” என்றான். ஒரு வருஷமாக எதற்கும் அவன் சொன்ன பதில் அதுதான்.

டிரான்சிஸ்டர் நன்றாகத்தான் பாடியது. குரல் கணீரென்று இருந்தது. பழசைக் கொடுத்துவிடலாம் என்று பாதி முடிவே செய்துவிட்டான். படுக்கப் போகுமுன் டிரான்சிஸ்டரை நிறுத்திவிட்டு, பெண்டாட்டி செய்வதைப் பார்த்த பழக்கத்தில் தீப்பெட்டியை அதன் தலையில் வைத்தான். அடைக்கலமேரி தினமும் அப்படித்தான் செய்வாள். கடல் காற்றில் தீக்குச்சி நமுத்துப்போகும். பாட்டுக் கேட்டு முடித்ததும் சூடாக இருக்கும் ரேடியோ மேல் தீப்பெட்டியை வைத்தால், விடியற்காலை அவன் வேலைக்குக் கிளம்புமுன் ஒரே உரசலில் அடுப்பு பிடித்துக்கொள்ளும்.

காலையில், இன்றைக்காவது வீட்டில் டீ போடலாம் என்று குச்சியைக் கிழித்தான். மருந்து பொடியாக உதிர்ந்தது. அடுத்த குச்சியும் அதே கதி. என்னடா இது என்று டிரான்சிஸ்டரைப் பாடவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்தான். பாடும்போதும் சில்லென்றே இருந்தது. சவப்பெட்டியை மூடுமுன் அவள் நெற்றியைத் தொட்டபோது இருந்த அதே சில்லிப்பு.

ஓடிப்போய் வெள்ளைத் துணியை உருவினான். பழைய ரேடியோவின் சுவிட்சைப் போட்டு, அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மெல்ல மெல்லச் சூடு ஏறியது. அப்போதுதான் வந்தது அழுகை. பக்கத்து வீட்டு ஹில்டா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வரும் அளவுக்குப் பெரிய அழுகை. அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை.

மறுநாள் வால்டர் வந்தபோது பழைய ரேடியோ இரைந்துகொண்டிருந்தது.

“இன்னா மாமா, முள்ளு எந்த ஸ்டேஷன்லயும் நிக்கல. வெறும் இரைச்சல்தான் வருது!”

இன்னாசி ரேடியோ மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தான். குப்பென்று பிடித்தது. அடுப்பை மூட்டிவிட்டு, தீப்பெட்டியைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தான்.

“பாட்டு வோணாம்டா. குந்து, டீ போடறேன். குட்சிட்டு, போசொல்லோ உன் பொட்டிய எத்துக்கினு போ.”