உப்புப் போட்ட ஐஸில் ஒரு தடுப்பூசி

ஊசி போடுகிறவன் நல்லவன் என்று எந்தக் குழந்தையும் சொன்னதில்லை. தாய் தகப்பனும் சொல்வதில்லை. இந்த வேலையில் மாரடிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது திருகோணமலை டவுனில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் ஊசி போடுகிறேன். மாரி தொடங்க முன்னம் சளிக்காய்ச்சல் தடுப்பூசி. இந்த மாரி முழுக்க ஒரே குடும்பம்தான் எனக்குத் தலையிடி.

கள்ள ஊசி

உப்புவெளி சூசை, படகுக்காரன். மகள் டிலானிக்கு ஆறு வயது. இழுப்புக்காரி. சளிக்காய்ச்சல் பிடித்தால் நெஞ்சு அடைத்துவிடும். போன வருஷம் நான்தான் ஊசி போட்டேன். மாரி சுகமாகக் கழிந்தது. இந்த வருஷமும் போட வேண்டும் என்றேன். காய்ச்சல் வருஷா வருஷம் மாறும், ஊசியும் மாறும் என்றேன். தாய் மெற்றில்டா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் போன வருசம் போட்டது கள்ள ஊசியோ, ஐயா?"

கடல் நாள்

வீட்டில் எல்லோரும் போட்டால்தான் பிள்ளைக்குக் காவல் என்றேன். சூசை கையைப் பொத்திக்கொண்டான். ஊசி போட்ட கை நோகும், வலை இழுக்க ஏலாது, கடல் குழம்ப முன்னம் நாலு பாடு மீன் பார்க்க வேண்டுமாம். பிள்ளைக்காவது போடு என்றால், எல்லோரும் ஒன்றாய் வருகிறோம் என்று தள்ளினான். வந்தான். அதற்குள் ஊரில் எந்த மருந்துக்கடையிலும் ஊசி இல்லை. கத்தினேன்.

"முடியப்போகுதெண்டு மீன்கூட எங்களுக்குச் சொல்லுறேல்லை, ஐயா. ஊசி சொல்லுமோ?"

மீன் பெட்டி

டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு அவனே கொழும்புக்குப் போனான். ஒரே ஒரு ஊசிதான் கிடைத்தது. கடைக்காரன் அதைத் துணியால் சுற்றி, சின்னக் குளிர்ப்பையில் வைத்து, இப்படியே கொண்டுபோ என்றிருக்கிறான். சூசைக்கு அந்தக் குளிர் போதாது என்று பட்டது. மீன் கொண்டுபோகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸை நொறுக்கி, உப்புத் தூவி, ஊசியை நடுவில் புதைத்து, வழியில் ஹபரணையில் இறங்கி ஐஸ் மாற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அப்படியொரு பெருமை. ஊசிக்குள் மருந்து கல்லாய்க் கிடந்தது.

உப்பு ஐஸின் குளிரைக் கூட்டிவிடும். இந்த மருந்துக்குக் குளிர் வேண்டும்; உறைந்தால் பழுது, முடிந்தது கதை. எறியப் போனேன். மெற்றில்டா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உருக விட்டுப் போடுங்கோவன், ஐயா. ஐஸ் மீனைத் திண்டு நாங்கள் என்ன செத்தோ போனனாங்கள்?"

வார்ட்

அடுத்த ஊசி வருமுன் மழை வந்தது. பள்ளிக்கூடமெல்லாம் இருமல். டிலானியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாஸ்க்குக்குள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தாள். விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. என்னைக் கண்டதும் கையைப் போர்வைக்குள் ஒளித்தாள். டொக்டர்மாரும் இன்னும் ஒன்றும் சொல்வதாயில்லை. சூசை என்னை வெளியே கூட்டிவந்தான். ஏச வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அண்டைக்கு உருக்கிப் போட்டிருந்தா, பாதியெண்டாலும் காப்பாத்தியிருக்கும், என்ன ஐயா?"

பயத்தில் வராதவனை ஏசி வரவழைக்கலாம். இப்படி அக்கறைப்பட்டே கெடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு என்ன சொல்வதென்று, இத்தனை வருஷ வேலையில் எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.